தடையும் தாளமும்: ஊக்கப் பொருள்களும் மூளைச் செல்களின் அடக்கக் குறிப்பும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



தோற்றுவாய்

மதுரை நாயக்கர் காலத்துப் பாளையங்களுள் ஒன்றாக விளங்கிய ஊர் கன்னிவாடி. ஊரை அடுத்து எழும் மலைத்தொடரின் மேலே பன்றிமலை, ஆடலூர், தாண்டிக்குடி, பண்ணைக்காடு எனச் செல்லும் வழியெங்கும் மரநிழலில் காப்பிச் செடி வளர்கிறது. மலையிலிருந்து இறங்கித் திண்டுக்கல் சமவெளிக்கு வந்தால், செம்மண் நிலத்தில் புகையிலை. மேலே ஒன்று, கீழே ஒன்று. இரண்டும் இலக்கியக் கூட்டங்களின் பழைய துணைகள். தாண்டிக்குடியில் காப்பி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையம் உள்ளது. வேடசந்தூரில் 1948ஆம் ஆண்டு புகையிலை ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. திண்டுக்கல்லில் ஸ்பென்சர் நிறுவனத்தார் சுருட்டுத் தொழிற்சாலை நடத்திய காலமும் உண்டு.

தமிழ்ப் புலவர் இப்பொருள்களை வெறும் வணிகச் சரக்காகக் கொள்ளவில்லை. சீனிச்சர்க்கரைப் புலவர் பழனி முருகனிடம் தூது அனுப்புவதற்குப் புகையிலையையே தேர்ந்தார். 'புகையிலை விடு தூது' என்னும் அச்சிற்றிலக்கியத்தை உ. வே. சாமிநாதையர் பதிப்பித்தார். அன்னமும் மேகமும் நெஞ்சமும் தூது சென்ற தமிழில் ஓர் இலையும் தூது சென்றது. புலவருடைய கற்பனை ஒருபுறமிருக்க, வேறொரு பொருளிலும் புகையிலை தூதுதான். அது மூளைக்குள் சென்று, அங்கே ஏற்கெனவே பணிபுரியும் வேதியியல் தூதருள் ஒருவரைப் போல வேடமிட்டு, அவருக்குரிய வாயிலைத் திறக்கிறது. காப்பியும் தூது செல்கிறது. ஆனால் அது வாயிலைத் திறப்பதில்லை, வேறொரு தூதர் நுழையாதவாறு வாயிலை அடைத்துக்கொண்டு நிற்கிறது.

ஊக்கப் பொருள் என்றவுடன் அது மூளையை முடுக்கிவிடுகிறது என்றே பலரும் எண்ணுவர். உண்மை சற்று வேறு. பெரும்பாலான ஊக்கப் பொருள்கள், மூளையின் முடுக்கத்தோடு மட்டுமன்றி, அதன் தடையோடும் விளையாடுகின்றன. அத்தடை எத்தகையது, அதனை இப்பொருள்கள் என்ன செய்கின்றன, கவிதைக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்பனவே இவ்வுரையின் பொருள்.

தடுத்தலும் ஒரு செயல்

மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்புச் செல்கள் உள்ளன எனக் கணித்துள்ளனர். ஒவ்வொரு செல்லும் பிற செல்களிலிருந்து இருவகைக் குறிப்புகளைப் பெறுகிறது. ஒன்று 'பேசு' என்பது. மற்றொன்று 'பேசாதே' என்பது. முதலாவது கிளர்ச்சிக் குறிப்பு. இரண்டாவது அடக்கக் குறிப்பு. இவ்விரண்டின் கூட்டுத்தொகையே அச்செல் மின்துடிப்பை எழுப்புமா, எழுப்பாதா என்பதை முடிவு செய்கிறது.

'பேசாதே' என்பது வெறும் மௌனம் அன்று; அதுவும் ஒரு செயலே. இதனை அழுத்தமாக எடுத்துரைத்தவர் ஆங்கிலேய உடலியல் அறிஞர் சார்லஸ் ஷெரிங்டன். 1932இல் நோபல் பரிசு பெற்றபோது அவர் தம் சொற்பொழிவுக்கு எடுத்துக்கொண்ட பொருளே, ஒருங்கிணைக்கும் ஆற்றலாக அடக்கம் விளங்குகிறது என்பதுதான். முழங்கையை மடக்கும்போது ஒரு தசை சுருங்குகிறது. அதே கணத்தில் எதிர்த்தசை தளர்ந்தாக வேண்டும். தண்டுவடம் ஒரு தசைக்குச் 'சுருங்கு' என ஆணையிடும்போதே, எதிர்த்தசையை இயக்கும் நரம்பை அடக்குகிறது. அடக்கம் இல்லையேல் கை மடங்காது, விறைத்து நிற்கும்.

மூளையில் இவ்வடக்கக் குறிப்பைச் சுமந்து செல்லும் முதன்மையான வேதிப்பொருள் 'காபா' எனச் சுருக்கமாக வழங்கப்படும் காமா அமினோ பியூட்டிரிக் அமிலம். 1950இல் இது மூளையில் இருப்பது கண்டறியப்பட்டது. இதன் தொழில் தடுப்பதே என்பது அடுத்த பதினைந்து ஆண்டுகளில் படிப்படியாகத் தெளிவாயிற்று. தண்டுவடத்திலும் மூளைத்தண்டிலும் கிளைசின் என்னும் மற்றொரு பொருளும் இத்தொழிலைச் செய்கிறது.

காபா இருவகை ஏற்பிகளில் சென்று சேர்கிறது. முதல்வகை ஏற்பி, தானே ஒரு சிறு மடை. காபா வந்து தொட்டதும் அது திறந்து குளோரைடு அயனிகளைச் செல்லுக்குள் விடுகிறது. செல்லின் உட்புறம் மேலும் எதிர்மின் தன்மை அடைந்து துடிப்பு எழாமல் அடங்குகிறது. இது ஆயிரத்தில் சில பங்கு நொடியில் நிகழ்வது. இரண்டாம்வகை ஏற்பி மெதுவானது. அது செல்லுக்குள் ஒரு புரதத்தை ஏவி, பொட்டாசியம் வெளியேறும் வேறொரு மடையைத் திறக்கச் செய்கிறது. முன்னது சட்டென்று பிடிக்கும் தடை. பின்னது நின்று பிடிக்கும் தடை.

பெருமூளைப் புறணியில் உள்ள நரம்புச் செல்களுள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இவ்வடக்கச் செல்கள். எண்ணிக்கையில் சிறுபான்மை எனினும் இவற்றின் பணி பெரிது. அவற்றுள் விரைந்து துடிக்கும் ஒரு வகைச் செல்கள், சுற்றியுள்ள நூற்றுக்கணக்கான செல்களை ஒரே நேரத்தில் அடக்கி, ஒரே நேரத்தில் விடுவிக்கின்றன. அடங்கியவை எல்லாம் ஒருங்கே எழுகின்றன. மீண்டும் ஒருங்கே அடங்குகின்றன. நொடிக்கு 30 முதல் 80 முறை எழும் இத்தாளத்தை, ஒளியால் செல்களை இயக்கும் முறையைக் கொண்டு 2009இல் வெளிவந்த எலி ஆய்வுகள் நேரடியாகவே காட்டின. கவனம் குவியும்போது இத்தாளம் வலுப்பெறுவது பல ஆய்வுகளில் காணப்பட்டுள்ளது. மூளையின் தாளம் முழக்கத்திலிருந்து மட்டும் பிறப்பதன்று. தடுத்து விடுதலில் பிறப்பது. மிருதங்கத்தின் தோலில் ஒரு விரல் அழுந்தி நிற்க, மற்றொரு விரல் தட்டும்போதுதான் நாதம் தெளிவதை அவையோர் அறிவர்.

எட்டியும் காக்கைக்கொல்லியும்

அடக்கக் குறிப்பை முற்றிலும் நீக்கினால் என்ன ஆகும் என்பதை அறிவியலுக்குக் கற்பித்த இரு நஞ்சுகளும் தென்னாட்டார் நெடுங்காலமாக அறிந்த தாவரங்களில் உள்ளவை என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது.

ஒன்று எட்டி. அதன் கொட்டையில் உள்ள ஸ்ட்ரிக்னின் என்னும் பொருளை 1818இல் பிரெஞ்சு வேதியியலார் பெல்த்தியேயும் கவாந்துவும் பிரித்தெடுத்தனர். இது கிளைசின் ஏற்பியை அடைத்துவிடுகிறது. தண்டுவடத்தின் அடக்கம் அற்றுப்போகவே, எதிரெதிர்த் தசைகள் ஒருங்கே சுருங்கி, உடல் வில்லாக வளைந்து விறைக்கிறது. சிறு ஓசையும் தொடுகையும்கூட வலிப்பை எழுப்பும். மிகச் சிறிய அளவில் இது ஒருகாலத்தில் ஊக்க மருந்தாகவே கொடுக்கப்பட்டது. 1904இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் நடந்த ஒலிம்பிக் மாரத்தான் ஓட்டத்தில், தளர்ந்துபோன தாமஸ் ஹிக்ஸ் என்பவருக்கு அவருடன் சென்றவர்கள் முட்டை வெண்கருவிலும் பிராந்தியிலும் ஸ்ட்ரிக்னின் கலந்து கொடுத்தனர். அவர் முதலிடம் பெற்றார். ஆனால் இருபுறமும் ஆள்கள் தாங்கவே எல்லைக்கோட்டை அடைந்தார். இன்னும் சிறிது கூடியிருந்தால் அவர் பிழைத்திருப்பது அரிது.

மற்றொன்று காக்கைக்கொல்லி. மீன்பிடிக்க நீரில் கலக்கும் நஞ்சாக இதன் விதை பயன்பட்டதுண்டு. இதிலிருந்து 1812இல் பிரித்தெடுக்கப்பட்ட பிக்ரோடாக்சின், காபாவின் முதல்வகை ஏற்பியில் உள்ள மடையை அடைக்கிறது. மயக்க மருந்தை மிகுதியாக உண்டு நினைவிழந்தவரை எழுப்புவதற்கு இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் இதனைப் பயன்படுத்தினர். எழுப்பும் அளவுக்கும் வலிப்பு உண்டாக்கும் அளவுக்கும் இடையே இருந்த வெளி மிகக் குறுகியது. ஆகவே அது கைவிடப்பட்டது.

இவ்விரண்டும் காட்டும் உண்மை ஒன்றே. தடை முழுதும் நீங்கிய மூளை விடுதலை பெற்ற மூளை அன்று. வலிப்பு கண்ட மூளை. எல்லாச் செல்களும் ஒருசேரக் கத்தும்போது அங்கே பொருள் இல்லை.

காப்பி: அடக்குவோனை அடைத்தல்

காப்பியின் செயல் இத்துணைக் கொடிதன்று. ஆயினும் அதுவும் தடையின்மேலேயே செயல்படுகிறது. மூளைச் செல்கள் உழைக்க உழைக்க அடினோசின் என்னும் பொருள் அவற்றைச் சுற்றிச் சேர்கிறது. அது தன் ஏற்பிகளில் அமர்ந்து, கிளர்ச்சிக் குறிப்புகள் வெளிப்படுவதைக் குறைக்கிறது. செல்களையும் நேரே தணிக்கிறது. பகல் முழுதும் உழைத்த மூளை மாலையில் கண்ணயர விழைவதற்கு இச்சேர்க்கை ஒரு காரணம். அடினோசினை உழைப்பின் கணக்குப்பிள்ளை எனலாம். எவ்வளவு செலவாயிற்று என்பதை எழுதி வைத்து, ஓய்வைக் கேட்பது அது.

1819இல் ஜெர்மானிய வேதியியலார் ரூங்கெ பிரித்தெடுத்த காஃபின், வடிவில் அடினோசினை ஒத்தது. ஏற்பியில் சென்று அமரும். ஆனால் அடக்கும் குறிப்பைத் தராது. இருக்கையைப் பிடித்துக்கொண்டு வேலை செய்யாத ஆளைப் போன்றது. உரியவர் வந்து அமர இடமில்லை. ஆகவே தணிப்புக் குறைகிறது, விழிப்பு நீள்கிறது. காப்பி புதிய ஆற்றல் எதனையும் தருவதில்லை என்பதை இங்கே கருத வேண்டும். கணக்குப்பிள்ளையின் வாயை மூடுகிறதேயன்றிக் கடனை அடைப்பதில்லை.

வளர்ந்தோர் உடலில் காஃபினின் பாதி கழிய ஏறத்தாழ 5 மணிநேரம் ஆகும். கருவுற்ற தாய்மார்க்கு இது இன்னும் நீளும். இரவு 8 மணிக்குக் கவியரங்கில் அருந்திய காப்பியின் பாதி, நள்ளிரவு கடந்து 1 மணிக்கும் உடலில் இருக்கும். நலமுள்ள வளர்ந்தோர் நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் வரை கொள்வது பெரும்பாலும் தீங்கற்றது என மருத்துவ அமைப்புகள் கருதுகின்றன. ஒரு கோப்பைக் காப்பியில் தோராயமாக 80 முதல் 100 மில்லிகிராம் இருக்கும். சிக்கரியில் காஃபின் இல்லை. ஆகவே அது கூடக் கூட அளவு குறையும்.

நாள்தோறும் அருந்துவோர் மூளை, அடைக்கப்பட்ட ஏற்பிகளுக்கு ஈடாக அடினோசினுக்கு மேலும் கூர்ந்து பதிலளிக்கப் பழகுகிறது. ஒரு நாள் காப்பி தவறினால் அடினோசின் முழு வலிமையோடு செயல்பட்டுத் தலைவலியும் சோர்வும் தருவது அதனாலேதான். மூளை தன் தடையை விட்டுக்கொடுப்பதில்லை. ஒரு வழியை அடைத்தால் மறுவழியில் வலுப்படுத்துகிறது. இனி வரும் செய்திகளுக்கெல்லாம் இதுவே திறவுகோல்.

புகையிலையும் தாம்பூலமும்

1828இல் ஹைடல்பர்க் நகரில் பொஸ்ஸெல்ட்டும் ரெய்மனும் புகையிலையிலிருந்து நிகோட்டினைப் பிரித்தெடுத்தனர். அது அசிட்டைல்கோலின் என்னும் இயற்கைத் தூதரின் வேடத்தைப் பூணுகிறது. நடுமூளையின் அடிப்பகுதியில் வென்ட்ரல் டெக்மென்டம் எனப்படும் சிறு பகுதி உள்ளது. இங்குள்ள டோபமின் செல்கள், 'இது நன்று, மீண்டும் செய்க' என்னும் கற்றலோடு தொடர்புடையவை. அவற்றின் அருகிலேயே காபா செல்கள் இருந்து அவற்றைக் கட்டுக்குள் வைக்கின்றன.

2002இல் சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மான்ஸ்வெல்டர், மெக்ஜீ முதலியோர் எலிமூளைத் துண்டங்களில் ஆய்ந்து வெளியிட்ட முடிவு நுட்பமானது. நிகோட்டின் வந்ததும் காபா செல்களும் கிளர்ச்சி அடைகின்றன; எனவே முதற்கண் தடை கூடுகிறது. ஆனால் அச்செல்களில் உள்ள ஏற்பிகள் சில நிமிடங்களில் மரத்துப்போகின்றன. கிளர்ச்சிக் குறிப்பைத் தரும் நரம்பு முனைகளில் உள்ள ஏற்பிகளோ வேறு வகையின. அவை அவ்வளவு எளிதில் மரத்துப்போவதில்லை. விளைவாக, காவலன் அயர்ந்துவிட, முடுக்குவோன் விழித்திருக்கிறான். டோபமின் செல்கள் நெடுநேரம் துடிக்கின்றன. நிகோட்டின் காவலனை வெல்வது அடித்தன்று, களைப்புறச் செய்து.

பீடியிலும் சுருட்டிலும் புகை வழியே செல்லும் நிகோட்டின் சில நொடிகளில் மூளையை எட்டுகிறது. மெல்லும் புகையிலை மெதுவாகக் கன்னத்தின் உட்தோல் வழியே நுழைகிறது. இவ்விடத்தில் சுண்ணாம்பின் பங்கு பெரிது. சுண்ணாம்பு வாயில் காரத்தன்மையைக் கூட்ட, நிகோட்டின் தோலை எளிதில் ஊடுருவும் வடிவத்தை அடைகிறது. வெற்றிலையோடு சுண்ணாம்பைச் சேர்த்த முன்னோர்க்கு இவ்வேதியியல் பெயரளவில் தெரியாதிருக்கலாம், பயன் தெரிந்தேயிருந்தது.

தாம்பூலத்தில் மற்றொரு வியப்பும் உண்டு. பாக்கில் உள்ள அரிகோலின் ஓர் ஊக்கப் பொருள். சுண்ணாம்பு அதன் ஒரு பகுதியை அரிகாய்டினாக மாற்றுகிறது. பாக்கில் குவாசின் என்பதும் உண்டு. இவ்விரண்டும், வெளிப்பட்ட காபாவைச் செல்கள் மீண்டும் உறிஞ்சிக்கொள்வதைத் தடுக்க வல்லவை என 1975இல் ஆஸ்திரேலிய, டேனிய ஆய்வாளர் அறிவித்தனர். உறிஞ்சப்படாத காபா நெடுநேரம் நின்று அடக்கும். எனவே ஒரே பாக்கில் ஊக்குவதும் அடக்குவதும் ஒருங்கே உறைகின்றன. இவ்விரு பொருள்களும் குருதியிலிருந்து மூளைக்குள் எளிதில் புகாதவை. ஆகையால் தாம்பூலம் மெல்லுவோரின் அமைதிக்கு இவையே காரணம் எனக் கூறிவிட இயலாது. ஆனால் இம்மூலக்கூற்றின் வடிவத்தைப் பின்பற்றி, மூளைக்குள் புகுமாறு திருத்தியமைத்த டயாகபின் என்னும் மருந்து வலிப்பு நோயாளர்க்கு உதவுகிறது. பாக்கு மருத்துவத்திற்கு இதனைக் கொடுத்தது. வாய்க்குக் கொடுத்தது வேறு. புகையிலை சேராத பாக்கும் புற்றுநோய் உண்டாக்குவதே என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004இல் வெளியிட்ட தொகுதியில் உறுதி செய்தது.

கொக்கெயினும் மெத்தம்பெட்டமினும்

வலிய ஊக்கப் பொருள்களான கொக்கெயினும் மெத்தம்பெட்டமினும் டோபமினை நேரடியாகவே பெருக்குகின்றன. கொக்கெயின், வெளிப்பட்ட டோபமின் திரும்பிச் செல்லும் வழியை அடைக்கிறது. மெத்தம்பெட்டமின் அதனை உள்ளிருந்து வெளியே தள்ளுகிறது. ஆயினும் இவை விட்டுச்செல்லும் நீண்ட தடம் அடக்கக் குறிப்பில்தான் படிகிறது.

2012இல் அமெரிக்காவின் சால்க் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த பால் ஸ்லெசிங்கர் குழுவினரும் ஜெனீவாவைச் சேர்ந்த கிறிஸ்டியன் லூஷர் முதலியோரும் இணைந்து எலிகளில் கண்டது இது. மெத்தம்பெட்டமினோ கொக்கெயினோ ஒரே ஒரு முறை செலுத்திய மறுநாளே, மேற்சொன்ன நடுமூளைப் பகுதியின் காபா செல்களில், காபாவின் இரண்டாம்வகை ஏற்பி வழியே நிகழும் மெதுவான தடை பெரிதும் குன்றியிருந்தது. காரணத்தையும் கண்டனர். ஏற்பியில் ஒட்டியிருக்கும் பாஸ்பேட் குறி ஒன்றை ஒரு நொதி நீக்கிவிடுகிறது. குறி இழந்த ஏற்பி செல்லின் மேற்பரப்பிலிருந்து உள்ளே இழுத்துக்கொள்ளப்படுகிறது. ஏற்பி அழிந்துவிடவில்லை, வாயிலில் இல்லை, அவ்வளவே. அந்நொதியைத் தடுத்தால் தடை மீள்கிறது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. அடக்கும் செல்லுக்கே ஓர் அடக்கம் இருந்தது; இழக்கப்பட்டது அதுதான். எனவே அடக்கும் செல் முன்னிலும் மிகுதியாகத் துடித்துத் தன் அண்டையரை அடக்கக் கூடும். பெருவெள்ளம் கண்ட மூளை கரையை உயர்த்திக்கொள்ளும் முயற்சியாக இது இருக்கலாம் என்பது ஒரு கருத்து. மறுபுறம், நாள்கணக்கில் கொக்கெயின் பெற்ற எலிகளில், டோபமின் செல்களின்மேல் விழும் விரைவான காபா தடை தளர்ந்து, புதிய பிணைப்புகள் எளிதில் வலுப்படுவதை 2005இல் மூ-மிங் பூ குழுவினர் காட்டினர். ஓர் இடத்தில் தடை இறுகுகிறது. மற்றோர் இடத்தில் தளர்கிறது. ஆகவே 'ஊக்கப் பொருள் தடையை நீக்குகிறது' என்னும் ஒற்றை வாக்கியம் போதாது. எந்தச் செல்லில், எவ்வகைத் தடையில், எத்தனை நாள் என்று கேட்க வேண்டும்.

கவனக் குறைவு நோய்க்கு மருத்துவர் அளந்து தரும் மெத்தில்பெனிடேட் போன்ற ஊக்க மருந்துகளை இக்கணக்கில் சேர்த்து அஞ்சுதல் கூடாது. குறைந்த அளவில் வாய்வழி மெதுவாகச் செல்லும் அம்மருந்து, நெற்றிப்புறணியின் கட்டுப்பாட்டைக் கூட்டி, குழந்தையைத் தன் வசப்படுத்திக்கொள்ள உதவுகிறது. பொருள் மட்டுமன்றி அளவும் விரைவும் விளைவை மாற்றுகின்றன.

கவிஞரும் ஊக்கப் பொருளும்

தடை உடைந்தால் கவிதை பெருகும் என்னும் நம்பிக்கை கவிஞரிடையே பழையது. தமிழகத்தில் மட்டும் உள்ளதன்று. பிரெஞ்சு நாவலாசிரியர் பால்சாக் 1839இல், பிராந்தி, சர்க்கரை, தேயிலை, காப்பி, புகையிலை ஆகிய ஐந்து ஊக்கப் பொருள்களைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதினார். காப்பியை நம்பி இரவெல்லாம் எழுதிய அவர் 1850இல் 51ஆம் வயதில் மறைந்தார். சார்த்தர் தம் பெருந்தத்துவ நூலை 1960இல் வெளியிடுவதற்கு முன், ஆம்பெட்டமின் கலந்த மாத்திரைகளை அளவு மீறி உட்கொண்டே எழுதினார். உடல்நலத்தை அதற்கு விலையாகக் கொடுத்தார்.

ஹங்கேரியக் கணித மேதை பால் ஏர்டிஷின் செய்தி மேலும் சிந்திக்கத்தக்கது. ஆம்பெட்டமின் வழக்கமுடைய அவரிடம், ஒரு மாதம் அதனை விட இயலுமா என 1979இல் நண்பர் ரொனால்ட் கிரஹாம் 500 டாலர் பந்தயம் கட்டினார். ஏர்டிஷ் வென்றார். ஆனால் அம்மாதம் முழுதும் வெற்றுத்தாளையே பார்த்துக்கொண்டிருந்ததாகவும், கணிதம் ஒரு மாதம் பின்தங்கிவிட்டதாகவும் நொந்துகொண்டு மீண்டும் தொடங்கினார். ஊக்கப் பொருளுக்குச் சான்றாக இதனைக் காட்டுவாருண்டு. சற்று ஆராய்ந்தால் அது எதிர்ச்சான்று. நெடுநாள் பழகிய மூளை தன் ஏற்பிகளையும் தடைகளையும் அப்பொருளுக்கேற்ப மாற்றியமைத்துக்கொண்டது. பொருள் நீங்கியபோது எஞ்சியது ஈடுசெய்து இறுகிய மூளை. அவர் பார்த்துக்கொண்டிருந்த வெற்றுத்தாள் அவருடைய இயல்பான மூளையின் வறட்சி அன்று. கடன் திரும்பக் கேட்ட காலம். காப்பி தவறிய காலையின் தலைவலி சிறிய அளவில் அதே வகையைச் சேர்ந்தது.

இனி, தமிழ் யாப்பின் கலைச்சொற்களை எண்ணிப் பார்க்கலாம். யாத்தல் என்பது கட்டுதல். சீரையும் சீரையும் இணைப்பது தளை. தளை என்பதற்கு விலங்கு என்றும் பொருள். அடக்கத்தைக் குறிக்கும் இச்சொற்களாலேயே தமிழர் தம் ஓசையின் இலக்கணத்தை வகுத்தனர். தளை தட்டிய அடியில் ஓசை கெடுவதைச் செவி உடனே அறிகிறது. புதுக்கவிதை பழைய தளையைத் துறந்தது. ஆனால் தடையைத் துறக்கவில்லை. அடியை எங்கே முறிப்பது, எச்சொல்லைச் சொல்லாது விடுவது, எங்கே நிறுத்துவது என்னும் முடிவுகள் அனைத்தும் 'பேசாதே' என்னும் குறிப்புகளே. நூறு சொற்கள் முண்டியடிக்க, தொண்ணூற்றொன்பதை நிறுத்தி ஒன்றை விடுவதே கவிஞர் செய்யும் வேலை. மூளையின் அடக்கச் செல்களும் இடைவிடாது செய்வது இவ்வேலையைத்தான்.

முதல் வரைவு எழுதும்போது கட்டுத் தளர்தல் வேண்டும் என்பாரின் கூற்றிலும் உண்மை உண்டு. ஆனால் மூளை அத்தளர்வைத் தானே அளந்து தர வல்லது. நடையும் உறக்கமும் தனிமையும் அதற்கு வழிகள். உறக்கத்தை விலையாகக் கொடுத்து விழிப்பை வாங்குவோர், கவிதை ஊறும் இடத்தையே விற்கின்றனர்.

நிறைவுரை

இப்பொருள் கவிஞரின் மேசையோடு முடிந்துவிடுவதன்று. 2016–17இல் எடுக்கப்பட்ட அனைத்திந்தியக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் வளர்ந்தோருள் 28.6 விழுக்காட்டினரும் தமிழகத்தில் 20 விழுக்காட்டினரும் ஏதேனுமொரு வடிவில் புகையிலை பயன்படுத்தினர். நாட்டளவில் புகைப்போரைவிட மெல்லுவோரே மிகுதி. காட்டு வேலைக்குச் செல்வோர் மடியில் முடிந்துவைக்கும் புகையிலைத் துணுக்கு, பசியை மறக்கச் செய்கிறது என்பது வெறும் எண்ணமன்று. நிகோட்டின் பசியைக் குறைப்பது மெய்ப்பிக்கப்பட்டது. பசித்த வயிறு கேட்பது சோறு. கிடைப்பது தூதருடைய வேடம். பனி ஈரத்தோடு பச்சை இலையைக் கையாள்வோர்க்குத் தோல் வழியே நிகோட்டின் ஏறி, தலைச்சுற்றலும் வாந்தியும் உண்டாவதும் மருத்துவம் அறிந்த நோயே. புகையிலையால் பிழைக்கும் மண்ணில் புகையிலையைப் பழித்துவிட்டுப் போவது எளிது. வெட்டி, காய வைத்து, பாடம் செய்து, கட்டி அனுப்பும் கைகளுக்கு மாற்றுப் பயிரும் மாற்று வேலையும் வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொன்னாலன்றி அப்பழிப்பு நேர்மையாகாது.

விட முயன்று தோற்றவரைக் 'கட்டுப்பாடு இல்லாதவர்' என உலகம் இகழ்கிறது. மேற்கண்ட ஆய்வுகள் அவ்விகழ்ச்சியை மறுக்கின்றன. அவருள் கட்டுப்பாடு இல்லாமற் போகவில்லை; கட்டுப்படுத்தும் செல்களின் ஏற்பிகளே இடம் மாறியிருக்கின்றன, மரத்திருக்கின்றன, எண்ணிக்கை மாறியிருக்கின்றன. அது குணக்கேடு அன்று. உடற்கூற்றில் நேர்ந்த மாற்றம். மாறியது மீளவும் கூடும். புகைப்பதை விட்டோரின் மூளையில் நிகோட்டின் ஏற்பிகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 6 முதல் 12 வாரங்களில் புகைக்காதோர் நிலைக்குத் திரும்புவதைப் படமெடுத்துக் கண்டுள்ளனர். அவ்வாரங்களைக் கடக்கும்வரை தாங்கிப்பிடிக்க மருந்தும் மருத்துவரும் உண்டு. அருகிலிருக்கும் நண்பரின் பொறுமையும் வேண்டும். வட்டங்களின் பயன்களுள் அதுவும் ஒன்றாகலாம்.

திருக்குறளில் அடக்கமுடைமை என ஓர் அதிகாரம் உண்டு. அதனை அறநூலின் கட்டளை என்று மட்டும் கொள்வோர், அடக்கம் மனிதனுக்கு வெளியிலிருந்து வருவது என எண்ணக்கூடும். பெருமூளைப் புறணியோ, தன் செல்களுள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைத் தடுக்கும் பணிக்கென ஒதுக்கிவைத்திருக்கிறது. அப்பணியாளரால்தான் கை மடங்குகிறது, உறக்கம் வருகிறது, தாளம் நிற்கிறது. மலைக்காப்பியின் மணத்தைத் துறக்குமாறு எவரையும் இவ்வுரை வேண்டவில்லை. கோப்பையைக் கையில் எடுக்கும்போது, அது தருவது ஆற்றலன்று, தவணை என்பதை நினைவில் கொண்டால் போதும். எழுதும் ஆற்றல் வேறெங்கோ விளைவதன்று. தடுக்கவும் விடவும் அறிந்த மூளையிலேயே அது இருக்கிறது.

பத்தாண்டுகள் கவிதையைக் கேட்டும் திருத்தியும் வந்த இவ்வட்டம் இன்னும் பல்லாண்டு தொடர்க.